மேடு இல்லாத சட்டம்: ஏற்காடு ஓட்டுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஏற்காடு மலைப்பாதையில் வாடகைக் கார் ஓட்டும் நண்பர்களுக்கு,

புது மாருதி டிசையர் எடுத்தவருக்குக் கம்பெனி சொன்ன மைலேஜ் லிட்டருக்கு 24.79 கிலோமீட்டர். ஆள் ஏற்றிக்கொண்டு அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி ஏற்காடு ஒண்டிக்கடை வந்து சேரும்போது மீட்டர் காட்டுவது அதில் பாதிகூட இருக்காது. இதற்கு ஸ்டாண்டில் வழக்கமாக இரண்டு விளக்கம் உண்டு. கம்பெனிக்காரன் புளுகுகிறான் என்பது ஒன்று. ஓட்டுகிற ஆளுக்குக் கால் கனம் என்பது இன்னொன்று. இரண்டும் விஷயத்தைத் தொடவில்லை. அந்த 24.79 சட்டம் சொன்ன முறைப்படி சோதித்து, சான்றிதழ் வாங்கிய எண். பொய் இல்லை. ஆனால் அது உங்கள் ரோட்டின் எண்ணும் இல்லை. எரிபொருள் சிக்கனச் சட்டம் எந்தத் தொழில்நுட்பத்தையும் பெயர் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் அது எதை அளக்கிறது, எதற்கு மதிப்பெண் போடுகிறது என்பதை வைத்துத்தான் உங்கள் பானட்டுக்குள் எது வரும், எது வராது என்று கம்பெனிகள் முடிவு செய்கின்றன. நம் நாட்டு அளவுகோலில் மேடு என்று ஒன்று கிடையாது. அதனால் மேட்டில் மிச்சம் பிடிக்கும் எந்த யோசனைக்கும் கம்பெனிக்குப் பலன் கிடையாது. இதுதான் இந்த மடலின் வாதம்.

முதலில் சட்டம். 2001ஆம் ஆண்டு எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் இவை. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ‘கஃபே’ விதிகள் என்பார்கள். 2017–18 நிதியாண்டில் முதல் கட்டம், 2022–23இல் இரண்டாம் கட்டம். விதி ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாக இல்லை. ஒரு கம்பெனி ஒரு வருடத்தில் விற்ற எல்லாக் கார்களின் சராசரிக்குத்தான் வரம்பு. முதல் கட்டத்தில் கிலோமீட்டருக்கு 130 கிராம் கரியமில வாயு, இரண்டாம் கட்டத்தில் 113 கிராம். பெட்ரோலாகச் சொன்னால் நூறு கிலோமீட்டருக்கு 5.49 லிட்டரிலிருந்து 4.77 லிட்டருக்கு இறங்க வேண்டும். 2022இல் சட்டத்தைத் திருத்தி அபராதத்தைக் கூட்டினார்கள். சராசரி வரம்பைத் தாண்டி நூறு கிலோமீட்டருக்கு 0.2 லிட்டர் வரை கூடினால் விற்ற ஒவ்வொரு வண்டிக்கும் 25,000 ரூபாய். அதற்கும் மேல் போனால் 50,000 ரூபாய். லட்சக்கணக்கில் கார் விற்கும் கம்பெனிக்கு இது எவ்வளவு ஆகும் என்று பெருக்கிப் பாருங்கள். திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2023 ஜனவரி 1. அதற்கு முன் விற்ற வண்டிகளுக்கும் புது அபராதம் உண்டா என்று கம்பெனிகள் தகராறு செய்தது சும்மா இல்லை. பொறியாளர் ஒரு பாகத்தைச் சேர்ப்பதா விடுவதா என்று யோசிக்கும் மேசையில் இந்தத் தொகையும் உட்கார்ந்திருக்கிறது.

விதியின் வாசகம் வண்டியின் உடம்பையே மாற்றும் என்பதற்கு உங்களுக்கு வேறு சாட்சி வேண்டாம். 2008இல் வந்த முதல் டிசையரின் நீளம் 4,160 மில்லிமீட்டர். 2012இல் வந்தது 3,995. பின்பக்கம் யாரோ அரிவாளால் வெட்டியதுபோல் டிக்கி சுருங்கிப் போனது. நான்கு மீட்டருக்குள் இருந்தால் வரி குறைவு என்று 2006 பட்ஜெட்டில் வந்த விதிதான் அந்த அரிவாள். பெட்ரோல் இன்ஜின் 1,200 சி.சி.க்குள் இருக்க வேண்டும் என்பதும் அதே விதி. அதனால்தான் 1,197 சி.சி. என்ற எண்ணை இத்தனை பானட்டுகளுக்குள் பார்க்கிறீர்கள். ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் பெட்டி படுக்கையோடு வரும் குடும்பத்துக்கு எந்த டிக்கி சௌகரியம் என்று அந்த விதியை எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். யோசிக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. கோடு எங்கே விழுகிறதோ அங்கே வண்டி போய் நிற்கும்.

சிக்கன விதியில் கோடு விழுவது சோதனைச் சாலையில். சாலை என்பதே தவறான சொல், அது உருளை. வண்டியை ஒரு கூடத்துக்குள் உருளைகள் மேல் நிறுத்தி, சக்கரம் மட்டும் சுற்ற, திரையில் வரும் வேகக்கோட்டை ஓட்டுநர் பின்பற்றுவார். ஐரோப்பா முன்பு வைத்திருந்த முறையைக் கொஞ்சம் மாற்றி நாம் எடுத்துக்கொண்டது. ஏறத்தாழ இருபது நிமிடம், பத்தரை கிலோமீட்டர், உச்ச வேகம் 90. மெதுவாக வேகம் பிடிப்பது, சீராகப் போவது, நிற்பது, மறுபடி புறப்படுவது. மொத்த நேரத்தில் கால்வாசிக்குச் சற்றுக் குறைய வண்டி நின்றபடி உறுமிக்கொண்டிருக்கும். ஐந்து பேர் கிடையாது, கேரியரில் மூட்டை கிடையாது. ஏற்றமும் கிடையாது. இந்தத் தேர்வுக்கு வண்டியைத் தயார் செய்யச் சொன்னால் நல்ல பொறியாளர் என்ன செய்வார்? நிற்கும்போது இன்ஜினை அணைக்கும் ஸ்டார்ட்-ஸ்டாப் வைப்பார். குறைந்த சுற்றில் நிம்மதியாக ஓடும்படி கியர் விகிதத்தை நீட்டுவார். மூன்று சிலிண்டருக்கு மாறி உராய்வைக் குறைப்பார். எதுவும் ஏமாற்று வேலை இல்லை. தேர்வில் கேட்ட கேள்விக்கு எழுதிய பதில்கள்.

அதோடு முடியவில்லை. சில கருவிகளைப் பொருத்தினாலே மதிப்பெண் தரும் ஏற்பாடும் விதியில் இருக்கிறது. ஸ்டார்ட்-ஸ்டாப், பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் சேமிக்கும் வசதி, டயர் காற்றழுத்தம் காட்டும் கருவி, ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட கியர்: ஒவ்வொன்றுக்கும் கணக்கில் 2 சதவீதம் தள்ளுபடி, மொத்தம் 9 கிராமுக்கு மிகாமல். ஸ்டார்ட்-ஸ்டாப்பின் லாபம் சோதனையிலேயே தெரிந்துவிடுகிறது. அதற்கு மேலும் தள்ளுபடி. ஆறாவது கியர் குப்பனூர் வழியிலோ அடிவாரம் வழியிலோ எத்தனை முறை கைக்கு வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டார்ட்-ஸ்டாப்புக்கு மட்டும் மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் கொஞ்சம் வேலை இருக்கும். மற்ற நாளில் அதை அணைத்துவிட்டுத்தான் பலர் ஓட்டுகிறீர்கள்.

இப்போது மலையின் கணக்கைப் போடுவோம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு 1,500க்குக் கொஞ்சம் மேல். 1,200 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்ளலாம். வண்டியும் ஆளும் லக்கேஜும் சேர்த்து 1,200 கிலோ. இந்த எடையை இந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 14 மெகாஜூல் ஆற்றல் வேண்டும், மின்சாரமாகச் சொன்னால் கிட்டத்தட்ட 4 யூனிட். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் இருந்தாலும் இன்ஜின் அதில் கால்வாசியையோ கொஞ்சம் கூடுதலாகவோதான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. ஆக, தூக்குவதற்கு மட்டும் சுமார் ஒன்றரை லிட்டர். சமதளத்தில் லிட்டருக்கு இருபது தரும் வண்டி மலைப்பாதையின் இருபது கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடிக்கும் என்றால், ஏறும்போது இரண்டரை லிட்டர் குடிக்கிறது, அதாவது லிட்டருக்கு எட்டு. ‘இறங்கும்போது சரியாகிவிடும்’ என்பார்கள். பாதி சரியாகும். கியரில் விட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இப்போதைய இன்ஜின் பெட்ரோலே தெளிப்பதில்லை. இறக்கம் கிட்டத்தட்ட இலவசம். (நியூட்ரலில் விட்டு இறக்கினால் மிச்சமாகும் என்ற பழைய நம்பிக்கை கார்புரேட்டரோடு போக வேண்டியது. இன்று நியூட்ரலில் இன்ஜின் ஓடுவதற்குத்தான் பெட்ரோல் செலவாகிறது, பிரேக்கும் காய்கிறது.) போக வர நாற்பது கிலோமீட்டருக்கு இரண்டரை லிட்டர், லிட்டருக்குப் பதினாறு. ஏறியதற்குக் கொடுத்த ஒன்றரை லிட்டரில் ஒரு லிட்டர் இறக்கத்தில் தள்ளுபடியாகிறது, அரை லிட்டர் கைவிட்டுப் போகிறது. பெட்ரோல் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும்போது தினம் இரண்டு டிரிப் அடிப்பவருக்கு மாதக் கடைசியில் அது சின்னத் தொகை இல்லை.

அந்த அரை லிட்டரைத் திரும்பப் பிடிப்பதற்குத்தான் ஹைபிரிட் என்று கம்பெனிகள் சொல்லும். அதையும் அருகில் போய்ப் பார்க்கலாம். மாருதி, டொயோட்டா இருவரும் விற்கும் கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் வண்டிகளின் முழு ஹைபிரிட் பேட்டரி 0.76 யூனிட். பேட்டரி கெடாமல் இருக்க அதில் ஏறத்தாழ பாதியை மட்டும்தான் அன்றாட நிரப்பலுக்கும் வடிப்புக்கும் பயன்படுத்த முடியும். ஆட்களோடு 1,600 கிலோ இருக்கும் அந்த வண்டி ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும்போது, 150 அல்லது 200 மீட்டர் உயரம் குறைவதற்குள் பேட்டரி நிரம்பிவிடும். இன்னும் ஆயிரம் மீட்டர் இறக்கம் பாக்கி இருக்கும். அத்தனையும் இன்ஜின் பிரேக்கிலும் டிஸ்க் சூட்டிலும் வீணாகும். ‘ஸ்மார்ட் ஹைபிரிட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிகளின் சின்ன பேட்டரி நூறு வாட்-மணிக்கும் குறைவு. ஓரிரு வளைவிலேயே அது நிறைந்துவிடும். இது அந்த வண்டிகளின் குறை அல்ல. டவுனில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று புறப்படும் ஓட்டத்துக்கு அந்த அளவு பேட்டரி கச்சிதம். சோதனைக்கூடத்தின் இருபது நிமிடத்துக்கும் கச்சிதம். பேட்டரியை மூன்று மடங்கு பெரிதாக்கினால் சோதனையில் ஒரு கிராம்கூடக் குறையாது, விலை மட்டும் ஏறும். எந்தக் கம்பெனி செய்யும்?

டீசல் போன கதையும் இதில் சேரும். பழைய டிசையரின் 1,248 சி.சி. டீசல் இன்ஜின் 2,000 சுற்றிலேயே 190 நியூட்டன்-மீட்டர் இழுவை கொடுத்தது. மூன்றாவது கியரில் வளைவு திரும்பிய காலம் என்று இப்போதும் ஏக்கத்தோடு சொல்கிறீர்கள். கரியமில வாயுக் கணக்கில் டீசல் நல்ல பிள்ளைதான். கஃபே விதி மட்டும் இருந்திருந்தால் டீசல் பிழைத்திருக்கும். 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 புகை விதி வந்தது. சின்ன டீசல் இன்ஜினுக்குப் புகையைச் சுத்தம் செய்யும் கருவிகளின் செலவு கட்டுப்படியாகாது என்று மாருதி டீசலையே விட்டுவிட்டது. ஒரு விதி டீசலை வெளியே தள்ளியது. இன்னொரு விதி சராசரியைக் குறை என்றது. நடுவில் சி.என்.ஜி. வந்து உட்கார்ந்தது. அதே அளவு ஆற்றலுக்கு அதில் கரியமிலம் குறைவு. ஓடும் செலவும் குறைவு. கம்பெனி பெரிய மாற்றம் எதுவும் செய்ய வேண்டாம். ஆனால் புது டிசையரின் பெட்ரோல் இன்ஜின் 80 குதிரைத்திறனுக்குச் சற்று மேல் தருவதென்றால் அதே இன்ஜின் சி.என்.ஜி.யில் 70க்குச் சற்றுக் கீழ். இழுவை 112லிருந்து 102 ஆகிறது. சிலிண்டருக்கு மட்டும் நூறு கிலோவை ஒட்டி எடை. ஏற்காடு உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எந்த இன்ஜினுக்கும் மேலே போகப் போக மூச்சு வாங்கும். கிலோவுக்கு 33.73 கிலோமீட்டர் என்ற எண்ணில் இவை எதுவும் தெரியாது. மலைக்கு உண்மையில் பொருத்தமான சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜின்கள் இருக்கின்றன. மெல்லிய காற்றை அவை அமுக்கிக்கொள்ளும். ஆனால் கொண்டை ஊசி வளைவில் சுற்று இறங்கி டர்போ எழும்புவதற்குள் ஒரு நொடி வண்டி தயங்கும். அந்த நொடியைச் சரிசெய்யச் செலவழிப்பதற்கும் சோதனையில் மதிப்பெண் இல்லை.

மலையில் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் எடை. நூறு கிலோ கூடினால் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் நூற்று முப்பது மில்லி பெட்ரோல் கூடுதல்; மேலே போட்ட அதே கணக்குதான். விதி எடையை எப்படிப் பார்க்கிறது? கனமான வண்டிக்குத் தளர்வான இலக்கு, இலகுவான வண்டிக்கு இறுக்கமான இலக்கு. இரண்டாம் கட்டச் சூத்திரப்படி சராசரி எடையில் ஒவ்வொரு நூறு கிலோவுக்கும் 0.2 லிட்டர் அனுமதி கூடுகிறது. சராசரியாக 850 கிலோ வண்டி விற்கும் கம்பெனி நூறு கிலோமீட்டருக்கு 4.18 லிட்டரில் நிற்க வேண்டும். 1,600 கிலோ வண்டி விற்கும் கம்பெனிக்கு 5.68 வரை இடமுண்டு. நல்ல இரும்பு போட்டு, வடிவத்தைத் திருத்தி நூறு கிலோ குறைத்த கம்பெனிக்கு என்ன பரிசு? மிச்சமான பெட்ரோலில் பெரும்பகுதியை இலக்கை இறுக்கியே சட்டம் திரும்ப வாங்கிக்கொள்கிறது. விளைவு சூத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. முதல் கட்டத்தில் சராசரி எடையாக வைத்த எண் 1,037 கிலோ, இரண்டாம் கட்டத்தில் 1,145. 2025 செப்டம்பரில் எரிசக்தித் திறன் பணியகம் வெளியிட்ட மூன்றாம் கட்ட வரைவில் 1,170. நாட்டின் கார் பருத்துக்கொண்டே போகிறது, கணக்கும் அதற்கேற்பத் துணியை விட்டுத் தைத்துக்கொண்டே போகிறது. அதே வரைவில் 909 கிலோவுக்குள், 1,200 சி.சி.க்குள், நான்கு மீட்டருக்குள் இருக்கும் சின்ன பெட்ரோல் காருக்கு 3 கிராம் சலுகை என்று ஒரு வரி இருந்தது. மாருதி வரவேற்றது, டாடாவும் மஹிந்திராவும் எதிர்த்தன. 900 இல்லாமல், 910 இல்லாமல் ஏன் 909 என்று கேட்டாலே இந்த விதிகள் எப்படி எழுதப்படுகின்றன என்பது பாதி புரிந்துவிடும்.

மின்கார் விஷயத்தில் இன்னொரு பெருக்கல் இருக்கிறது. கம்பெனி ஒரு மின்கார் விற்றால் மூன்று விற்றதாகக் கணக்கு. முழு ஹைபிரிட் விற்றால் இரண்டு. நூறு கார் விற்ற கம்பெனியில் 95 கார் கிலோமீட்டருக்கு 120 கிராம் விடுகிறது, 5 மின்கார், அதற்குப் புகை பூஜ்யம் என்று வையுங்கள். நேர்மையான சராசரி 114. ஐந்தைப் பதினைந்தாக எண்ணினால் 104க்கும் கீழே வந்துவிடுகிறது. அந்தப் பத்து கிராம் நிம்மதி மீதி 95 கார்களுக்குப் போகிறது. அவற்றின் இன்ஜினைத் திருத்த வேண்டிய அவசரம் போய்விடுகிறது. அந்த 95இல்தான் உங்கள் வண்டியும் இருக்கிறது. மின்கார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலைக்கு அதைப்போல் பொருத்தமானது வேறில்லை: ஏறக் கொடுத்த ஐந்து யூனிட்டில் பாதிக்கு மேல் இறக்கத்தில் திரும்பி வரும், காற்று மெலிந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. (மேலே வைத்து முழுச் சார்ஜ் போட்டுவிட்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் இருக்காது.) மின்காரின் இந்தச் சிறப்பும் விதிக்குத் தெரியாது. மேட்டில் சேமிக்கும் மின்காரும் மேட்டில் தடுமாறும் மின்காரும் அங்கே ஒரே மூன்றுதான்.

இது நம் நாட்டு அதிகாரிகளின் தனிக் குறையா என்றால் இல்லை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1975இல் இப்படிச் சராசரி விதியை முதலில் கொண்டுவந்த அமெரிக்கா, சரக்கு வண்டி வகைக்கு இலக்கைத் தளர்த்தி வைத்தது. குடும்பக் கார்களெல்லாம் அந்த வகைக்குள் புகுந்து பெரிய எஸ்.யு.வி.க்களாக மாறின. 1988இல் எத்தனாலும் ஏற்கும் காருக்குச் சலுகை மதிப்பெண் தந்தார்கள். லட்சக்கணக்கில் அப்படிப்பட்ட கார்கள் வந்தன, வாங்கியவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை பெட்ரோல்தான் போட்டார்கள். ஜப்பான் எடையைப் படிப்படியாகப் பிரித்து இலக்கு வைத்தபோது, அடுத்த படிக்குப் போகச் சில கம்பெனிகள் வண்டியின் எடையைக் கூட்டின. ஐரோப்பா செய்த ஒரு காரியம் மட்டும் நமக்கு வேண்டியது. 2021 முதல் புதுக் கார்களுக்குள் எரிபொருள் குடிப்பதைப் பதிவு செய்யும் மீட்டரைக் கட்டாயமாக்கி, அந்தப் பதிவுகளைத் திரட்டி 2024இல் வெளியிட்டார்கள். சாதாரணக் கார்கள் சான்றிதழைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் குடித்தன. பிளக்கில் சார்ஜ் போடும் ஹைபிரிட்கள் சான்றிதழில் சொன்னதைப்போல் மூன்றரை மடங்கு புகை விட்டன. சலுகை எங்கே பாய்ந்ததோ அங்கேதான் பள்ளம் பெரிதாக இருந்தது.

மறுப்புகளுக்கு வருகிறேன். விதியே இல்லாவிட்டாலும் நம் ஊர் வாங்குபவர் ‘எவ்வளவு கொடுக்கும்’ என்று கேட்காமல் வண்டி எடுக்க மாட்டார், சட்டம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். மைலேஜ் கேட்டபடியேதான் நாம் சின்னக் காரிலிருந்து எஸ்.யு.வி.க்கு மாறினோம், அந்த 1,037ம் 1,170ம் சந்தையின் பதில். விதி இல்லாமல் இருந்திருந்தால் இன்ஜின் இந்த அளவு முன்னேறியிருக்காது. உராய்வு குறைந்ததும், பெட்ரோலை இன்னும் நுணுக்கமாகத் தெளிப்பதும் சமதளத்தில் மட்டுமல்ல, மேட்டிலும் உங்களுக்கு மிச்சம்தான். அதை மறுப்பது நியாயமல்ல. என் வழக்கு சட்டம் வேண்டாம் என்பதல்ல.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. நாட்டில் ஓடும் கார்களில் மலையேறுபவை எத்தனை? ஏற்காட்டுக்காக ஓர் இந்தியச் சோதனையா? ஏற்காடு மட்டும் என்றால் இந்தக் கேள்வி சரி. கொல்லிமலையின் எழுபது வளைவு, வால்பாறையின் நாற்பது, ஊட்டி, கொடைக்கானல், மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதும், இமாசலம், உத்தராகண்ட், வடகிழக்கு என்று எண்ணிக்கொண்டே போனால் அது கூடத்தின் மூலையில் ஒதுக்கக் கூடிய கூட்டம் இல்லை. இருந்தும் கம்பெனிச் சராசரியைக் கணக்கிட எல்லோருக்கும் ஒரே சோதனைதான் இருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வோர் அளவுகோல் வைத்தால் ஒப்பிடவே முடியாது. கம்பெனிகளுக்கு ஓட்டை தேடுவதும் எளிதாகும். அதனால் அபராதக் கணக்கில் மலையைச் சேர்க்கச் சொல்லவில்லை. மலைக்கான எண் ஒன்றைத் தனியாக அளந்து விற்பனைத் தாளில் அச்சிட வேண்டும் என்றுதான் கேட்கிறேன். இத்தனை மீட்டர் ஏற்றத்துக்கு, முழு லோடில், இத்தனை லிட்டர். இறங்கும்போது திரும்பச் சேமிப்பது இத்தனை. அந்த எண் விளம்பரத்தில் வந்துவிட்டால், பேட்டரியைப் பெரிதாக்கிய கம்பெனிக்கும் எடையைக் குறைத்த கம்பெனிக்கும் சட்டம் தராத பரிசைச் சந்தை தரும்.

இப்படி அளக்க முடியுமா என்று யாரும் கேட்க முடியாது. 2023 ஏப்ரல் முதல் நம் நாட்டில் புதுக் கார்களின் புகையை உண்மையான ரோட்டில், வண்டியின் பின்னால் கட்டிய, எடுத்துச் செல்லக்கூடிய கருவியால் அளக்கிறார்கள். அதே கருவி கரியமில வாயுவையும் அளக்கும். அதிலிருந்து பெட்ரோல் செலவு தெரிந்துவிடும். ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த முறைக்கு முன்னோடியான ஐரோப்பிய விதி 1,300 மீட்டர் உயரத்துக்கு மேல் போவதில்லை. நூறு கிலோமீட்டருக்கு 1,200 மீட்டருக்கு மேல் ஏற்றம் இருந்தால் அந்த ஓட்டம் செல்லாது. நீங்கள் அதே 1,200 மீட்டரை இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் ஏறுகிறீர்கள். மலையைச் சேர்த்துக்கொண்ட விதியிலும் உங்கள் மலை வெளியேதான். ஆகவே ‘ரோட்டில்தான் சோதிக்கிறோமே’ என்று யாராவது பதில் சொன்னால், எத்தனை மீட்டர் ஏற்றம் வரை என்று திருப்பிக் கேளுங்கள். குட்டி யானையில் மிளகும் காபியும் ஏற்றும் நண்பர்களுக்கு இன்னும் மோசம். சரக்கு வண்டி என்பதால் மேலே சொன்ன கஃபே விதிகளுக்குள்ளேயே அவர்கள் வரவில்லை. பெரிய லாரிகளுக்கு 2017இல் வந்த சிக்கன விதியோ 40, 60 என்று நிலையான வேகத்தில் ஓட்டி அளக்கச் சொல்கிறது. நிலையான வேகம் என்பதை நம் மலைப்பாதையில் எந்த லாரியும் கண்டதில்லை.

அடுத்த கட்ட விதிகள் 2027 ஏப்ரலிலிருந்து என்று திட்டம். வரைவுகளுக்குக் கருத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் கம்பெனிகளும் அவற்றின் சங்கங்களும் சில ஆய்வு நிறுவனங்களும்தான். ஓட்டுநர் சங்கத்தின் கடிதத்தாள் அங்கே போனதில்லை என்றால் அது தடை இருப்பதால் அல்ல, யாரும் அனுப்பாததால். கோபமாக எழுத வேண்டாம், எண்ணாக எழுதுங்கள். அடிவாரத்தில் டேங்க் ஃபுல், மேலே போய் இறங்கி வந்து மறுபடி டேங்க் ஃபுல். வண்டியின் மாடல், வருடம், எத்தனை பேர், எவ்வளவு லக்கேஜ், ஏ.சி. உண்டா இல்லையா, மழையா வெயிலா. ஸ்டாண்டில் இருக்கும் எல்லா வண்டிக்கும் ஒரு சீசன் முழுக்க இதை ஒரே நோட்டில் எழுதினால், இந்த மலைப்பாதைக்கு எந்தக் கம்பெனியிடமும் இருக்க வாய்ப்பில்லாத ஒரு பதிவு உங்கள் கையில் இருக்கும். டிராவல்ஸ் முதலாளிகள் இதே நோட்டை வைத்து அடுத்த வண்டியைத் தேர்ந்தெடுக்கலாம். அது தனி லாபம். கருத்துக் கடிதத்தில் கேட்க வேண்டியவை இரண்டே: மலை எண்ணைத் தனியாக அச்சிடுவது, கார்களுக்குள் எரிபொருள் மீட்டரைக் கட்டாயமாக்கி அதன் பதிவை மாவட்ட வாரியாக வெளியிடுவது. சோதனை ஓட்டத்துக்கு எந்த மலை என்று கேட்டால் சேலம் பெயரைக் கொடுங்கள். மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் ஒரகடத்தில் இருக்கிறது. காலையில் அங்கிருந்து கருவியோடு புறப்படும் வண்டி மதியச் சாப்பாட்டுக்கு அடிவாரம் வந்து சேர்ந்துவிடும்.

அன்புடன்,
உங்களில் பலரின் வண்டியில் ஏறி வரும் வாசகர் ஒருவர்